பின்சக்கரம் காடியில் நகராமல் நிற்க

டயர் இடப்பக்கக் குழாயில் உரசுகிறது என்றால், அச்சு நகர்ந்தது வலப்பக்கத்தில். பின்சக்கரக் கோளாறில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். செயின் வலப்பக்கம் இருக்கிறது. எழுந்து நின்று மிதிக்கும்போது அது அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. வலது முனை முன்னே போனதும் சக்கரத்தின் முன்விளிம்பு இடப்பக்கம் சாய்ந்து, பெடல் அச்சிலிருந்து பின்னால் வரும் கீழ்க்குழாயில் முட்டுகிறது. அந்தக் குழாயைச் செயின் ஸ்டே என்போம். உரசும் இடத்தைப் பார்த்துவிட்டு இடது நட்டை இறுக்குகிறவர்கள் ஏராளம். மறுநாளும் அதே உரசல்தான் வரும்.

"அண்ணே, நட்டை நல்லா இறுக்கித்தான் வச்சிருக்கேன், இருந்தும் சக்கரம் போகுது." சைக்கிள் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெரும்பாலும் சொல்வது உண்மைதான், நட்டு இறுக்கமாகவே இருக்கும். ஆனால் அந்த இறுக்கம் பிரேமின் இரும்புக்குப் போய்ச் சேராமல், நடுவில் இருக்கும் பெயின்ட்டிலும் தகரத்திலும் துருவிலும் கரைந்துபோயிருக்கும். அடுத்தபடியாக ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி முறுக்குவார்கள். அதில் மரை போகும், நட்டு போகும், சில சமயம் அச்சும் முறியும். முறுக்குவதற்கு முன் பிடிமான முகங்களைப் பார்க்க வேண்டும்.

ரங்கூனில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. அதனால் சந்தைச் சாமான், அரிசி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் என்று பல சுமைகளைச் சைக்கிளும், பக்கவண்டி சேர்த்த சைக்கிளான சைக்காவும்தான் சுமக்கின்றன. நம்மவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை: இந்திய, சீனத் தயாரிப்பான கனத்த கறுப்பு வண்டி ஒன்று, ஜப்பானிலிருந்து பழையதாக வந்திறங்கும் கூடை வைத்த வண்டி இன்னொன்று. இரண்டிலும் பின்அச்சு உட்காரும் பிளவு, அதாவது காடி, கிடைமட்டமாகப் பின்னால் திறந்திருக்கும். வெளியே கியர் மாற்றி இல்லாததால் செயினின் தொய்வை எடுக்க அச்சைத்தான் முன்பின் நகர்த்தியாக வேண்டும். நகர்த்துவதற்காக வைத்த இடம் என்பதால், பிடிமானம் தளர்ந்தால் அச்சு தானாகவும் நகர்கிறது.

செயின் எவ்வளவு இழுக்கிறது

கறுப்பு வண்டியில் பெடலோடு சுழலும் பல்சக்கரம், அதாவது செயின்வீல், 44 பல் என்று வைத்துக்கொள்வோம். செயின் பற்களின் இடைவெளி அரை அங்குலம், 12.7 மி.மீ. ஆகவே அந்தச் செயின்வீலின் ஆரம் ஏறத்தாழ 89 மி.மீ. பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்கு, 165 மி.மீ. நீளமானால், மிதிக்கும் பாரம் 1.86 மடங்காகிச் செயினில் இறங்கும். 60 கிலோ ஆள் ஒரு பெடலில் முழு உடம்பையும் வைத்து நின்றால் செயினில் 110 கிலோவுக்கு மேல் இழுவை. ஜப்பான் வண்டியில் செயின்வீல் சிறியது, பலவற்றில் 32 பல்தான். ஆரம் 65 மி.மீ. அதே ஆள், அதே கிராங்கு, ஆனால் இழுவை 150 கிலோவைத் தாண்டுகிறது. ‘லேசான பெண்பிள்ளை சைக்கிள்தானே’ என்று நினைக்கும் வண்டியில்தான் அச்சு அதிகமாக இழுபடுகிறது. இந்த இழுவையில் ஆறில் ஐந்து பங்கு வலது காடிக்குப் போகிறது, ஏனென்றால் செயின் ஓடும் கோடு வலது காடிக்கு மிக அருகில் இருக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். நல்ல மரை, நல்ல நட்டு, 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இப்படி இறுக்கினால் நட்டு பிரேமை ஏறத்தாழ 2 டன் பாரத்தில் நெருக்கும். உள்பக்கம் கோன் பூட்டு நட்டின் (பேரிங்கைப் பிடிக்கும் கோனைப் பூட்டி வைக்கும் நட்டு) முகம், வெளிப்பக்கம் வாஷரின் முகம், இரண்டும் சேர்ந்து உராய்வால் 500, 600 கிலோவரை தாங்கும். தேவையைப் போல மூன்று, நான்கு மடங்கு. சரியாகப் பூட்டிய அச்சு நகரவே கூடாது. நகர்ந்தால் அந்த 2 டன் எங்கோ தொலைந்துவிட்டது என்று பொருள்.

எங்கே தொலைகிறது என்பதற்கு ஒரு சின்ன அளவு போதும். நட்டை இறுக்கும்போது அச்சு ரப்பரைப் போல மிக நுண்ணிதாக நீள்கிறது. திரும்பச் சுருங்க முயலும் அந்த விசைதான் பிரேமைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடிபடும் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே என்பதால், நீட்சி 0.02 முதல் 0.03 மி.மீ. வரைதான். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. காடியின் மேல் பூசிய பெயின்ட் அதைவிடப் பல மடங்கு தடிமன். நாலு நாள் வெயிலிலும் அதிர்விலும் அந்தப் பெயின்ட் 0.03 மி.மீ. அமுங்கினால் போதும், நட்டு ஒரு சுற்றுகூடக் கழலாமலே பிடிமானம் முழுவதும் போய்விடும். புது வண்டியிலும், அழகுக்காகப் புதிதாக வர்ணம் அடித்த பழைய வண்டியிலும் சக்கரம் நகர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

முதலில் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மார்க்கர் பேனாவை எடுங்கள். இருபக்கமும் வாஷரின் விளிம்பை ஒட்டிப் பிரேமில் ஒரு கோடு. நட்டிலிருந்து பிரேமுக்கு நீளும்படி இன்னொரு கோடு. பிறகு ஒரு மேட்டில் நாலைந்து முறை நின்று மிதித்து ஏறுங்கள். குன்றுகள் உள்ள மோல்மேன் ஊர்க்காரர்களுக்கு மேடு தேட வேண்டியதில்லை. ரங்கூனில் ஏதாவது ஒரு பாலத்தின் ஏற்றம் போதும். இறங்கிக் கோடுகளைப் பாருங்கள்.

நட்டு திரும்பாமலே வாஷர் கோட்டை விட்டு முன்னே போயிருந்தால், முகங்களில் பிடிமானம் இல்லை. நட்டின் கோடே திரும்பியிருந்தால் நட்டு கழல்கிறது, அல்லது அச்சே சுழல்கிறது. இடப்பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் பிரேக்கைச் சந்தேகப்பட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். கோடு எதுவும் அசையாமல் செயின் மட்டும் தொங்கினால் அது செயின் தேய்மானம். தேயாத செயினில் 12 முழுக் கண்ணி (24 அரைக் கண்ணி) சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. இருக்கும். அது 308 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் எத்தனை முறை சக்கரத்தைப் பின்னால் இழுத்து வைத்தாலும் பயனில்லை, செயினை மாற்றுங்கள்.

கோடுகள் அசையவில்லை, ஆனாலும் டயர் உரசுகிறது என்றால் எச்சரிக்கை. அச்சு உள்ளே முறிந்திருக்கலாம். மரை போட்டுத் திருகும் பிரீவீல் (பின்பல்சக்கரம்) உள்ள ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், வலது பால்ஸ் பேரிங் பிரீவீலுக்கு உள்பக்கம், காடியிலிருந்து தள்ளி உட்காருகிறது. நடுவில் அச்சுக்குத் தாங்கல் கிடையாது. பின் கேரியரில் அரிசி மூட்டையை, ஏறத்தாழ 50 கிலோ, நம் கணக்கில் 30 வீசை, ஏற்றிக் குழிகளில் இறக்கினால் அச்சு அந்த இடத்தில்தான் வளையும், பிறகு முறியும். முறிந்த பின்பும் இருபக்க நட்டுகளும் பிரேமைப் பிடித்திருப்பதால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் அச்சு இரண்டு துண்டாகக் கையில் வரும். அதேபோல் காடித் தகடும் குழாயும் சேரும் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெயின்ட்டில் மயிர்க்கோடும் அதை ஒட்டித் துருக்கறையும் தெரிந்தால் அது விரிசல்தான். அதை நட்டால் சரிசெய்ய முடியாது, பற்றவைக்கக் கொடுக்க வேண்டும்.

முகங்களைச் சரிசெய்தல்

சக்கரத்தைக் கழற்றி, காடியின் நான்கு முகங்களையும் பாருங்கள்: வலது உள், வலது வெளி, இடது உள், இடது வெளி. வாஷர் அமரும் வட்டத்தில் மட்டும், ஏறத்தாழ 25 மி.மீ. அகலத்துக்கு, பெயின்ட்டையும் துருவையும் 80 எண் உப்புத்தாளால் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். அரத்தை இரும்பின் மேல் ஓட்ட வேண்டியது மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மட்டுமே, தகட்டை மெலிய வைக்கக் கூடாது. தேய்த்த இடம் மே மாதக் கடைசியில் தொடங்கும் மழையில் துருப்பிடிக்குமே என்ற கவலை நியாயமானது. ஆனால் கிரீஸை அந்த முகத்தில் பூசாதீர்கள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு வாஷரின் வெளிவிளிம்பைச் சுற்றி மெல்லிசாகக் கிரீஸோ வர்ணமோ தடவினால் போதும், தண்ணீர் உள்ளே போகாது.

மரைக்கு நேர்மாறான விதி. மரையிலும், நட்டு வாஷரைத் தொடும் முகத்திலும் ஒரு சொட்டு ஆயில் கட்டாயம் வேண்டும். காய்ந்து துருப்பிடித்த மரையில் நீங்கள் போடும் பலத்தில் பெரும்பகுதி மரையின் உராய்விலேயே செலவாகும். கைக்கு இறுக்கமாகத் தோன்றும், உள்ளே பாதிப் பிடிமானம்கூட இருக்காது. மரைக்கு எண்ணெய், காடியின் முகத்துக்கு வறட்சி. இரண்டையும் மாற்றிச் செய்த வண்டிகள் நிறைய வருகின்றன.

பழைய வண்டியில் இன்னொரு தொல்லை உண்டு. பல்வெட்டு வாஷர் காடியின் இரும்பில் ஆழமாகப் பதிந்து வட்டக் குழி போட்டிருக்கும். செயினை இறுக்க அச்சை ஒன்றிரண்டு மி.மீ. பின்னால் இழுத்துப் பூட்டினாலும், வாஷரின் பற்கள் கடைசி முறுக்கில் பழைய குழிக்குள்ளேயே சறுக்கி விழும். அலுமினிய பிரேமில் இது இன்னும் மோசம். குழியின் மேட்டு விளிம்பை அரத்தால் சமன் செய்யுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் செயினின் நீளத்தை மாற்றி அச்சைப் புது இடத்தில் உட்கார வையுங்கள். செயினில் ஒரு அரைக் கண்ணி சேர்த்தால் அச்சு 6 மி.மீ. சொச்சம் பின்னால் போகும், ஒரு முழுக் கண்ணி எடுத்தால் ஏறத்தாழ 13 மி.மீ. முன்னால் வரும்.

இந்த வித்தையை இன்னொரு நன்மைக்கும் பயன்படுத்தலாம். பின்னால் திறந்த காடியில் செயின் அச்சை இழுப்பது மூடிய முனையை நோக்கி. ஆகவே அச்சு மூடிய முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முன்னே நகர இடம் இல்லாவிட்டால் கொஞ்சம் தளர்ந்தாலும் சக்கரம் சாயாது. முன்னால் திறந்த காடி உள்ள பழைய ஆங்கிலேய வண்டிகளிலும் பந்தயச் சைக்கிள்களிலும் நிலைமை வேறு. அங்கே செயின் அச்சை வாயை நோக்கி இழுக்கிறது. தளர்ந்தால் சக்கரம் கழன்றே வெளியே வந்துவிடலாம். அந்த வண்டிகளுக்கு இங்கே சொல்லும் எதையும் ஒத்திப்போடாதீர்கள்.

எதன் மேல் எது

பெரும்பாலான வண்டிகளில் பிழை நடப்பது வாஷர் வரிசையில்தான். ஒரே அச்சில் மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்ட், செயின் இழுப்பான் (இதைப் பின்னால் விளக்குகிறேன்) எல்லாம் மாட்டுகிறோம். மட்கார்டு கம்பியின் கண் வெறும் வளைத்த கம்பி, அது காடியின் முகத்தைத் தொடுவது இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும். அதைக் காடிக்கு அடுத்து வைத்து மேலே நட்டை முறுக்கினால், கம்பி நசுங்க நசுங்கப் பிடிமானம் இறங்கிக்கொண்டே போகும். மெல்லிய தகரக் கேரியர் காலும் அப்படியே.

உள்ளிருந்து வெளியே இப்படி வையுங்கள். கோன் பூட்டு நட்டு, அதன் பல்வெட்டு முகம் காடியைப் பார்க்க வேண்டும். பிறகு காடி. காடியின் வெளிமுகத்தில் நேராகச் செயின் இழுப்பானின் தட்டை வளையம். இழுப்பான் இல்லையென்றால் பல்வெட்டு வாஷர், பல் உள்நோக்கி. அடுத்து ஸ்டாண்ட், அதன் தகடு கனமானது. அடுத்து கேரியர் கால். கடைசியாக மட்கார்டு கம்பி. அதன் மேல் 2 மி.மீ. தடிமனுக்குக் குறையாத சாதா வாஷர், பிறகு நட்டு. கனத்தது உள்ளே, மெல்லியது வெளியே. முடிந்தால் மட்கார்டு கம்பியை அச்சிலிருந்தே விலக்கி, காடித் தகட்டில் இருக்கும் சிறு துளையில் 5 மி.மீ. போல்ட்டால் தனியாகப் பூட்டுங்கள். ஜப்பான் வண்டிகள் பலவற்றில் அந்தத் துளை சும்மாவே கிடக்கும். ஒரு பொருள் குறைந்தாலும் அச்சின் பிடி கூடும்.

சிலர் வழுக்கக் கூடாது என்று நடுவில் டியூப் ரப்பர் வட்டம் வெட்டி வைக்கிறார்கள். ரப்பர் உராய்வைக் கூட்டும் என்பது சரிதான், ஆனால் அமுங்கும் பொருளின் மேல் 2 டன் நிற்காது. அலுமினிய வாஷரும் வேண்டாம். ஸ்பிரிங் வாஷர் நட்டு கழல்வதையே முழுமையாகத் தடுக்காது, அச்சு வழுக்குவதற்கு அது மருந்தே அல்ல. மரைப் பசையும் அப்படித்தான், நட்டு திரும்பாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

நட்டு ஒத்துப்போகிறதா

இரண்டு அளவுகள் நம் கடைகளில் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றன. கறுப்பு வண்டியின் பின்அச்சும் ஜப்பான் கியரில்லா வண்டியின் பின்அச்சும் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. வெளிக்கியர் ஹப்புகளில் 10 மி.மீ. அச்சு, ஒரு மி.மீ. மரை. விட்டம் 9.5-க்கும் 10-க்கும் அரை மி.மீ. வித்தியாசம், மரை இடைவெளியோ ஏறத்தாழ ஒன்றுபோலவே. அதனால் 10 மி.மீ. நட்டு 3/8 அச்சில் விரலாலேயே சுகமாக ஏறிவிடும். மரையின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். முக்கால் முறுக்குவரை இறுகுவதுபோல் இருந்து, பிறகு மரையைச் சீவிவிடும். ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பின் அச்சு இன்னொரு அளவு, 13/32 அங்குலம். அதற்கு அதன் நட்டே வேண்டும்.

சோதனை எளிது. நட்டை நான்கு சுற்று ஏற்றிவிட்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இயல்பு. நட்டு சாய்ந்து சாய்ந்து ஆடினால் அது தவறான நட்டு. கடைக்காரரிடம் நட்டுக்கு இங்கே சொல்லும் ‘மூலி’ என்ற பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எதுவும் வரும். அச்சையே கையில் கொண்டுபோய், அங்கேயே திருகிப் பார்த்து வாங்குங்கள்.

மூடித்தலை நட்டில் ஒரு வஞ்சனை இருக்கிறது. பார்க்க அழகு, மழைநீர் புகாது. ஆனால் அச்சு கொஞ்சம் நீளமாக இருந்தால் நட்டின் மூடி அச்சின் முனையில் முட்டி நின்றுவிடும். நட்டு கல்லாக இறுகியிருக்கும், வாஷரோ விரலால் சுழலும். இன்னொரு வாஷர் சேருங்கள், அல்லது திறந்த நட்டுக்கு மாறுங்கள். திறந்த நட்டானால், பூட்டி முடித்தபின் நட்டுக்கு வெளியே அச்சின் மரை ஒன்றிரண்டு சுற்றாவது தெரிய வேண்டும்.

ஹப்பின் அகலமும் பிரேமின் அகலமும்

வேறு வண்டியின் சக்கரத்தை மாட்டியிருந்தால் இதையும் அளந்து பாருங்கள். இரண்டு பூட்டு நட்டுகளின் வெளிமுகத்துக்கு நடுவே உள்ள தூரம் ஒற்றை வேக ஹப்பில் வழக்கமாக 110 மி.மீ., மூன்று கியர் ஹப்பில் 120 மி.மீ. சுமார், வெளிக்கியர் வண்டிகளில் 126, 130, 135 என்று போகும். பிரேமின் வாய் 120, ஹப் 110 என்றால் நட்டு முதலில் பிரேமை 10 மி.மீ. நெருக்கி வளைக்க வேண்டும். அதற்கே பலம் போகிறது. அதோடு காடித் தகடுகள் சாய்ந்து, வாஷர் ஒரு விளிம்பில் மட்டும் தொடுகிறது. குறையும் அளவைப் பூட்டு நட்டுக்கு உள்ளே இரும்பு வாஷர்களால் சமமாக நிரப்புங்கள். சக்கரத்தைக் கையில் பிடித்து நுழைத்தாலே இருபக்கமும் இதமாகத் தொட வேண்டும்.

காடிகள் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு பழைய அச்சுகளை ஆளுக்கொரு காடியில் உள்நோக்கிப் பூட்டுங்கள். நடுவில் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் சந்தித்தால் சரி. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் பார்த்தால் எந்தக் காடி வளைந்தது என்று அதுவே காட்டிவிடும். இரும்பு பிரேமானால் பெரிய சரிசெய் ஸ்பானரால் தகட்டைக் கவ்வி மெதுவாக நிமிர்த்தலாம். அலுமினியத்தை வளைக்காதீர்கள், முறியும்.

செயின் இழுப்பான்

முகங்களைச் சரிசெய்த பிறகும் எனக்கு நம்பிக்கை தருவது இந்தச் சின்னச் சாமான்தான். அச்சைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து பின்னால் நீளும் மரைத்தண்டு, காடியின் பின்முனையில் தொப்பி போன்ற தகடு, அதன் மேல் 10 மி.மீ. ஸ்பானருக்கான சின்ன நட்டு. செயின் அச்சை முன்னே இழுத்தால் தண்டு பிரேமின் பின்முனையில் தொங்கிப் பிடிக்கிறது. உராய்வை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பழைய ஜப்பான் வண்டி கைமாறும்போது இது காணாமல் போயிருப்பது சாதாரணம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் வலப்பக்கம் போடுங்கள். இரண்டு கிடைத்தால் சக்கரத்தை நேர்பார்ப்பதும் எளிது.

கடையில் வாங்கும்போது வளையத் தகட்டின் தடிமனைப் பாருங்கள். ஒன்றரை மி.மீ. தகரத்தில் செய்தது முதல் மேட்டிலேயே முட்டைவடிவமாக இழுபடும். 3 மி.மீ. இருந்தால் நல்லது. பட்டறையில் செய்துகொள்வதும் கடினமில்லை: 3 மி.மீ. இரும்புப் பட்டையில் 10 மி.மீ. துளை, அதன் வாலில் 6 மி.மீ. மரைத்தண்டு பற்றவைத்தது, பின்முனைக்கு ‘ப’ வடிவில் வளைத்த தகடு. பற்றவைத்த புடைப்பை வளையத்தின் உள்முகத்தில் விட்டுவிடாமல் தேய்த்துச் சமமாக்குங்கள்.

பூட்டும் முறை: இரண்டு அச்சு நட்டுகளையும் வாஷர் தொடும் அளவுக்கு மட்டும் வையுங்கள். வலது இழுப்பானைக் கால் கால் சுற்றாக முறுக்கிச் செயினைச் சரியான தொய்வுக்குக் கொண்டு வாருங்கள். செயினின் நடுவில் மேலும் கீழுமாக மொத்த ஆட்டம் 12 முதல் 15 மி.மீ. கிராங்கை முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். செயின்வீல் கொஞ்சம் வட்டம் பிசகியிருப்பது வழக்கம். தொய்வான இடத்தில் அளந்து இறுக்கினால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் செயின் அச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். அதிக இறுக்கமும் சக்கரம் நகர ஒரு காரணம். பிறகு இடது இழுப்பானால் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். டயருக்கும் செயின் ஸ்டேக்கும் நடுவில் இருபக்கமும் ஒரே விரல் ஒரே அளவில் நுழைய வேண்டும். ரிம்மில் கோட்டம் இருந்தால் டயரைப் பார்த்து ஏமாறாமல், சக்கரத்தைச் சுற்றிச் சராசரி பாருங்கள்.

இறுக்குவது வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அச்சு சாயும். அச்சு நட்டுகளில் பல 15 மி.மீ. ஸ்பானருக்கானவை. 20 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் 20 கிலோ பாரம் போட்டால் ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர். ஒரு சின்ன அரிசிப் பையைத் தூக்கும் அளவு பலம். கையடக்க 10 செ.மீ. ஸ்பானரால் இது நடக்காது. ஆளுயரக் குழாயும் தேவையில்லை. இழுப்பான் இல்லாத கறுப்பு வண்டியில், கடைசி முறுக்கின்போது அச்சு முன்னே ஓடாமல் இருக்க, சீட் குழாய்க்கும் டயருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பின் 10, 20 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை மறுபடி ஸ்பானர் போட வேண்டும். பெயின்ட் மிச்சமும் வாஷர் பற்களும் அதற்குள் அமர்ந்திருக்கும். இந்த இரண்டாவது இறுக்கத்தைத் தவறவிட்டால் முன்பு செய்த வேலை எல்லாம் வீணாகலாம்.

இடப்பக்கம் நகர்ந்தால்

ஜப்பான் வண்டியின் பின் பிரேக் டப்பா இடப்பக்கம் அச்சிலேயே இருக்கிறது. அதன் கை செயின் ஸ்டேயில் ஒரு வளையத்தால் கட்டப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து டப்பாவும் சுழலப் பார்க்கும், அதைத் தடுத்து நிறுத்துவது அந்த வளையமும் ஒரே ஒரு 6 மி.மீ. போல்ட்டும். அந்த போல்ட்டு விழுந்துவிட்டால் ஒவ்வொரு பிரேக்கும் இடது நட்டையும் அச்சையும் முறுக்கும். கோனும் கெடும். பெரிய ஆபத்து இது, டப்பா சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். இடப்பக்கக் கோடு நகர்ந்தால் முதலில் அந்த போல்ட்டைத் தேடுங்கள். ஷிமானோ மூன்று கியர் ஹப் என்றால் இருபக்கமும் காடிக்குள் பொருந்தும் நாக்கு வைத்த தடை வாஷர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அச்சு சுழலும், கியரும் தப்பும், நட்டும் கழலும்.

நட்டுக்குப் பதில் நெம்பைத் திருப்பிப் பூட்டும் விசைக்கம்பி (குயிக் ரிலீஸ்) வைத்த சக்கரம் உள்ள பந்தய வகைகளுக்கு ஒரு வார்த்தை: கிடைமட்டக் காடியில், நெம்பைத் திருப்பும்போது இறுக்கும் கேம் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக்கில் உள்ள மலிவு விசை போதாது. உள்ளே கேம் மறைந்த இரும்பு விசை போடுங்கள், அச்சின் முனை காடியை விட்டு வெளியே நீளாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்டிருந்தால் விசை பிரேமைப் பிடிக்காமல் அச்சின் முனையையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சைக்காவுக்கு

சைக்காவில் ஆள் இருவர், மேலே சாமான், எல்லாம் ஒரு பக்கம். நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது ஓட்டுகிறவர் உடம்பு முழுவதையும் ஒரே பெடலில் வைக்கிறார். பக்கவண்டியின் எடை பிரேமின் பின்பகுதியை முறுக்குவதால் காடித் தகடுகள் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் அசைகின்றன. அதனால் இங்கே இரண்டு பக்கமும் இழுப்பான் கட்டாயம், வாஷர் 3 மி.மீ., அச்சு நட்டின் மேல் ஒரு மெல்லிய பூட்டு நட்டு. பக்கவண்டியின் கம்பி எதையாவது அச்சிலேயே மாட்டியிருந்தால் அதைப் பிரேமுக்கு மாற்றச் சொல்லிப் பட்டறையில் வற்புறுத்துங்கள். அச்சு நட்டு ஒரே நேரத்தில் சக்கரத்தையும் சுமையையும் பிடிக்க முடியாது. வாரம் ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள், மழைக்காலத்தில் இரு முறை.

வழியில் கழன்றுவிட்டால்

பின்னால் திறந்த காடியானால் கையில் கிடைப்பதை வைத்து வீடு சேரலாம். சக்கரத்தைச் சரியான இடத்துக்கு இழுத்து வைத்து, காடியில் அச்சுக்கு முன்னால் வெறுமையாக இருக்கும் இடத்தை அளவெடுங்கள். அந்த நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, ஒரு பழைய நட்டு, எதுவானாலும் வலது காடிக்குள் அச்சுக்கு முன்னே செருகி, வாஷர் அதையும் மூடும்படி நட்டைப் பூட்டுங்கள். துண்டின் தடிமன் காடித் தகட்டைவிடக் கூடக் கூடாது, கூடினால் வாஷர் பிரேமைத் தொடாது. மரத்துண்டு இரண்டு மேட்டுக்குத்தான் தாங்கும். வீடு வரும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள், மேட்டில் இறங்கித் தள்ளுங்கள்.